குண்டு வெடித்தால் வருகிறவர்

ஓய்வூதியர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை கொடுங்கள் என்று பிரியா என் பிராணனை வாங்கிவிட்டாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள் அவள். "பிலிம் காலத்தைப் பத்தி எழுதுங்கக்கா. இப்ப சேர்ற பசங்க பிலிம் பேட்ஜைக் கண்ணால கூடப் பாத்ததில்ல" என்றாள். இப்போதெல்லாம் சின்னச் சின்ன வில்லைகள்தான். இயந்திரத்தில் சொருகினால் எண் வந்து விழும், மூளைக்கு வேலையே கிடையாது.

என்னிடம் பிலிமைப் பற்றிக் கேட்டால் பிலிம் மட்டும் தனியாக வராது. கூடவே ஒருவர் வருவார். இஷ்டமிருந்தால் போடு, இல்லாவிட்டால் கிழித்துப் போடு என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். என் கணவர் இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. தங்கமான மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. பிறகு ஆளாளுக்கு ஒன்று பேச வேண்டாமே என்று இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

நான் பம்பாய் மாதுங்காவில் வளர்ந்தவள். அப்பா ரயில்வேயில் கிளார்க். பி.எஸ்ஸி. முடித்த கையோடு செம்பூரைத் தாண்டியிருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கதிர்வீச்சோடு புழங்குகிறவர்கள் எவ்வளவு வாங்கியிருக்கிறார்கள் என்று அளந்து சொல்வது எங்கள் பிரிவின் வேலை. முதல் இரண்டு வருஷம் இருட்டறையில் பிலிம் கழுவினேன், மருந்து வாடை புடவையில் ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிகள் என் புடவையை மோந்து பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். பயிற்சி என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான்.

பேட்ஜ் என்பது தீப்பெட்டி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் சட்டம். அதற்குள், பல் டாக்டர் எக்ஸ்ரே எடுப்பாரே, அந்த மாதிரி ஒரு சின்ன பிலிம் இருக்கும். பிலிமின் மேல் துண்டு துண்டாக உலோகத் தகடுகள். சட்டையில் நெஞ்சுக்கு நேராகக் குத்திக்கொள்ள வேண்டும். கதிர்வீச்சு பட்டால் பிலிம் கறுக்கும். தகடு மறைத்த இடம் மட்டும் வெளிறி, கட்டம் கட்டமாக நிழல் விழுந்திருக்கும். எவ்வளவு கறுப்பு என்று மீட்டரில் வைத்து அளப்போம். சட்டையை இஸ்திரிக்குப் போடும்போது பேட்ஜோடு சேர்த்துப் போட்டவர்கள் உண்டு. குழந்தைக்கு விளையாடக் கொடுத்தவர்கள் உண்டு. அத்தனையையும் பிலிமிலிருந்தே கண்டுபிடிப்பார் எங்கள் லிமயே மேடம்.

லிமயே மேடம் என் மேலதிகாரி. தாதரிலிருந்து வருவார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, காலில் ஆம்பிளைகள் போடுகிற ரப்பர் செருப்பு. காலையில் வந்ததும் கை கழுவுவார், துடைப்பார், அதற்குப் பிறகுதான் குட்மார்னிங். அதற்கு முன்னால் யார் சொன்னாலும் காதில் விழாது. பிலிமின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, வெண்டைக்காய் வாங்குகிறவள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒவ்வொரு பிலிமையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த சட்டம். நான் படித்ததை அவரிடம் காட்டக் கூடாது, அவர் படித்ததை நான் எட்டிப் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. "பிலிம் தன் கதையைத்தான் சொல்லும், ஆளோட கதையை ஆளைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்" என்று ஹிந்தியில் அடிக்கடி சொல்வார்.

இனி விமானக்காரர்கள் கதைக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் அண்டை நாடு ஒன்று அணுகுண்டை வெட்டவெளியில் வெடித்துச் சோதித்துக்கொண்டிருந்தது. வெடித்த தூசி மேலே ஏறி, காற்றோடு மிதந்து, நம் தலைக்கு மேலாகப் போகும். அதைப் பிடித்து வருவதற்கென்று விமானப்படை விமானம் ஒன்று கிளம்பும். அதன் பக்கவாட்டில் ஒரு குழாய், குழாய்க்குள் வடிகாகிதம். பறக்கும்போது காற்று அதற்குள் பாய்ந்து தூசி ஒட்டிக்கொள்ளும். அந்தக் காகிதத்தைச் சோதித்து, வெடித்தது எப்பேர்ப்பட்ட குண்டு என்று எங்கள் கூடத்தின் வேறொரு பிரிவில் சொல்லிவிடுவார்கள். போய்வந்த நாலு பேரின் பேட்ஜைப் படிப்பதும், உடம்புக்குள் தூசி போயிருக்கிறதா என்று பார்ப்பதும் எங்கள் பாடு.

உடம்பைப் பார்க்க ஓர் இரும்பு அறை இருந்தது. கனமான பழைய இரும்புத் தகடுகளால் கட்டியது. அணுகுண்டுகள் வந்த பிறகு உருக்கிய இரும்பிலேயே கொஞ்சம் கதிர்வீச்சு கலந்திருக்கும் என்பதால் அதற்கு முந்தைய இரும்பாகத் தேடிப் பிடித்திருந்தார்கள். ஆளை நன்றாகக் குளிக்கச் சொல்லி, துவைத்த வெள்ளை அங்கி கொடுத்து, கடிகாரம், மோதிரம், கழுத்துக் கயிறு எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி உள்ளே படுக்க வைப்போம். தலைக்கு மேல் அளக்கும் கருவி தொங்கும். கதவை மூடினால் உள்ளே சத்தமே இருக்காது. பெரிய பெரிய அதிகாரிகளெல்லாம் திறங்க திறங்க என்று கதவைத் தட்டியிருக்கிறார்கள். அதனால் வெளியே இருப்பவர் மைக்கில் அவ்வப்போது பேச்சுக் கொடுக்க வேண்டும். ஆனால் சிரிப்பு மூட்டக் கூடாது. ஆள் அசைந்தால் கணக்கு கெட்டுவிடும், மறுபடி முதலிலிருந்து. மைக் என் பொறுப்பு.

நாலு பேரில் குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காகிதத்தை மாற்றுகிறவர் சார்ஜென்ட் ஜெயசீலன். முதல் தடவை அவரிடம் ஹிந்தியில்தான் பேசினேன். மைக்கை அணைக்க மறந்து, திரையில் வரும் எண்களை எனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மேடம், நீங்க தமிழ்லலா எண்ணுதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த ஊர் என்று கேட்டேன். "தாராவிதாங்க. அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து வந்தவங்க. எங்க சர்ச்சுக்குப் பின்னாலதான் வீடு" என்றார். நான் மாதுங்கா என்றதும், "அடுத்த ஸ்டேஷன்ல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் ஹிந்தில பேசிக்கிட்டிருக்கோம்" என்றார்.

"உள்ள பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"ஏசுநாதரு கல்லறைல மூணு நாளு கெடந்தாரு. நாம ஒரு மணி நேரம் கெடக்க மாட்டமா."

நான்தான் சிரித்துவிட்டேன். சிரிப்பு மைக்கில் போய், அவரும் சிரித்து, அசைந்து, கணக்கு கெட்டது. லிமயே மேடம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து எண்ணினோம். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு அண்டை நாட்டுக்காரன் எப்போது குண்டு வெடித்தாலும் சில நாளில் ஜெயசீலன் வந்து அந்த இரும்பு அறைக்குள் படுப்பார். எனக்கு அந்த மேகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை. எப்படி இருக்கும் என்று துருவித் துருவிக் கேட்பேன். "அது மேகமே இல்லீங்க. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. எந்நாளும் உள்ள நீல வானந்தான். மீட்டர்ல முள்ளு மட்டும் மெதுவா ஏறும். சரி, உள்ள வந்துட்டோம்னு தெரிஞ்சுக்கிடுவோம்" என்றார். நான் விமானத்தில் ஏறியதே இல்லை என்றேன். "ஏறினா எறங்க மனசு வராதுங்க. எனக்கு வரல" என்றார். அந்தக் குரலை நான் மைக் வழியாகத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். நேரில் பார்த்தால் வாசலில் ஒரு வணக்கம், போகும்போது ஒரு வார்த்தை. "அடுத்தது வெடிச்சா வாறேன்" என்பார். "நல்லபடியா வெடிக்கட்டும்" என்பேன் நான். வேறு யார் காதிலாவது விழுந்திருந்தால் எங்களைப் பைத்தியம் என்றிருப்பார்கள்.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். வீட்டில் அப்பா ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ரேடியோ கேட்பார். குண்டு சோதனைச் செய்தி வந்தால், "பாவிப் பயல்கள், பூமியை நாசமாக்கறாங்க" என்று தலையில் அடித்துக்கொள்வார். நான் எழுந்து உள்ளே போய் பீரோவைத் திறந்து எந்தப் புடவை கட்டலாம் என்று பார்ப்பேன். எனக்கு ஜெயசீலனைப் பிடித்திருந்தது. அவ்வளவு பிடித்திருந்தது. குண்டு வெடித்தால்தான் வருவார் என்பதால் குண்டு வெடிக்காதா என்று காத்துக்கிடந்தேன்.

ஒரு தடவை நாலு பேருடைய பேட்ஜும் முதலில் வந்து சேர்ந்தன. கழுவினேன். பிலிம் நாலும் தார் பூசியது போலக் கறுத்திருந்தன. நான் படித்ததும் மேடம் படித்ததும் ஒத்துப்போயின. அந்த அளவுக்கு வாங்கியிருந்தால் சட்டப்படி ஆளை விமானத்தில் ஏற்றக் கூடாது. மறுநாளே நாலு பேரும் பம்பாய் வந்தார்கள். மற்ற மூன்று பேரும் கான்டீனுக்குப் போய்விட்டார்கள். ஜெயசீலன் மட்டும் குளித்த ஈரத் தலையோடு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"மேல விடாட்டா என்னய எங்கயாவது அசாம் பக்கம் ஸ்டோர்ல ஒக்கார வச்சிருவாங்க. எண்ணெ டின்ன எண்ணிக்கிட்டுக் கெடக்கணும்" என்றார். "உடம்பு எனக்கு நல்லாத்தான் இருக்கு. நீங்க மேடத்துட்டச் சொல்லுங்களேன்."

அசாமுக்குப் போய்விட்டால் அவர் எதற்கு எங்கள் கூடத்துக்கு வரப் போகிறார்? அவருக்குப் பறப்பது போய்விடும், எனக்கு அவர் போய்விடுவார். மைக் முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு எண்களே கண்ணில் தெரியவில்லை. ஆனால் கணக்கு முடிந்து பார்த்தால் உடம்புக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை. கழுத்துச் சுரப்பியில் கொஞ்சம் இருந்தது, வழக்கமாக வருவதுதான். வெளியே அவ்வளவு வாங்கியவன் உள்ளே ஒன்றும் வாங்காமல் எப்படி இருப்பான் என்று லிமயே மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

நாலு பிலிமையும் விளக்குப் பெட்டிமேல் வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தகடுகளின் நிழலைக் காட்டினார். ஓரம் பிளேடால் வெட்டியது போலக் கூர்மையாக இருந்தது. மனிதன் பேட்ஜைப் போட்டுக்கொண்டு குனிவான், நிமிர்வான், திரும்புவான். கதிர் நாலு பக்கத்திலிருந்தும் விழும், நிழலின் ஓரம் மங்கிப்போகும். இந்த பேட்ஜ்கள் அசையாமல் ஒரே இடத்தில் கிடந்திருக்கின்றன. "எங்க கிடந்துச்சுன்னு அவன்கிட்ட கேளு" என்றார்.

அவரை மறுபடி உள்ளே படுக்க வைக்கும் தேவை இல்லை. பெஞ்சிலேயே கேட்டேன். "எறங்கினதும் பேட்ஜை என்ன பண்ணினீங்க?"

"கழட்டி, வடிகாயிதம் வச்ச பெட்டிக்குள்ளயே போட்டோம். எப்பவும் தனிக் கவர்ல அனுப்புவோம். இந்தத் தடவ, ரெண்டும் பம்பாய்க்குத்தான போகுது, எதுக்கு ரெண்டு பார்சல்னு ஒண்ணாப் போட்டுட்டோம்."

குண்டின் தூசியை வடித்து எடுத்த காகிதத்தோடு சேர்த்து, கதிர்வீச்சை அளக்கிற பிலிமையும் ஒரே பெட்டியில் பூட்டி அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் அசையாதபடி இறுக்கி அடுக்கி. ரயிலில் வந்த நேரமெல்லாம் பிலிம் கறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. நான் மேடத்திடம் போய்ச் சொன்னதும், "அரே தேவா" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எனக்கு ஆடிப் பாட வேண்டும் போல இருந்தது.

"அப்ப பூஜ்யம்னு போட்டுடலாமா மேடம்?" என்று கேட்டேன்.

"பெட்டிக்குள்ள கறுத்துச்சுன்னு அவன் சொல்றான். பிலிம் இன்னும் சொல்லல" என்றார்.

அதே மாதிரிப் பெட்டி, அதே காகிதம், புது பேட்ஜ் நாலு வைத்து, அதே அளவு நேரம் மூடி வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. நானே வைத்தேன், நானே கழுவினேன். நிழலின் கூர்மை அச்சு அசல் ஒன்றாக இருந்தது. கறுப்பும் ஏறக்குறைய அதே அளவு. ஓடிப்போய்க் காட்டினேன். மேடம் பிலிமை வாங்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"அவன் பறக்கணும்னு யாருக்கு ஆசை? அவனுக்கா, உனக்கா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டு பேருக்கும்" என்றேன்.

"அப்படின்னா இன்னொரு தடவை வை. இந்தத் தடவை நீ பெட்டியைத் தொடாதே. இருட்டறைக்கும் வராதே. நம்ம பிரிவு குல்கர்ணியும் நானும் படிக்கறோம்."

அவமானமாக இருந்தது. அன்று முழுக்க அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தார். இரண்டாவது தடவையும் அதே முடிவு. விமான ஓட்டியின் சட்டைப்பையில் இருந்த, அளவை அங்கேயே காட்டும் பேனா வடிவ மீட்டரில் பதிவான சொற்ப அளவையும், இரும்பு அறைக் கணக்கையும் சேர்த்து வைத்துத்தான் மேடம் எழுதினார்: நாலு பேரும் பறக்கலாம். எழுதி முடித்துவிட்டு என்னிடம், "நீ ஆசைப்பட்டேன்னு நான் எழுதல. நாளைக்கு அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ ராத்திரி தூங்கணும், அதுக்காகத்தான் ரெண்டாவது தடவை வைக்கச் சொன்னேன்" என்றார். அந்த மனுஷியைப் போல ஒருவரை நான் அப்புறம் பார்க்கவில்லை. இப்போதும் பிலிம் என்றால் எனக்கு அவர் விரல்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

ஜெயசீலனிடம் நான்தான் சேதி சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார். "அடுத்தது வெடிச்சா வாறேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். போனால் போகட்டும், திரும்பி வருவார் அல்லவா என்று நான் சந்தோஷமாகவே நின்றேன். இன்னொரு தடவை அந்தத் தூசிக்குள் போய்விட்டுத்தான் வருவார் என்பது அன்று என் புத்தியில் உறைக்கவே இல்லை.

வெடித்தது. வந்தார். அறைக்குள் படுத்துப் பாதிக் கணக்கு ஓடியிருக்கும். அன்று வழக்கத்தைவிடப் பேச்சு குறைவு. என்ன சத்தத்தையே காணோம் என்று கேட்டேன்.

"எங்கம்மா ஊர்ல பொண்ணு பாக்காங்க" என்றார்.

நான் திரையிலேயே கண்ணை வைத்திருந்தேன்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா வேண்டாம்னு சொல்லிருவேன். எங்க வீட்ல ஒத்துக்கிட மாட்டாங்க. ஒங்க வீட்லயும் சண்டதான். அதப் பாத்துக்கிடலாம். நீங்க சொல்லுங்க. வேண்டாம்னு சொல்லிரவா?"

மைக் பொத்தானில் என் விரல் இருந்தது. பேசும்போது அவர் தலையைத் திருப்பியிருக்க வேண்டும், திரையில் எண்கள் தடுமாறின. அத்தனை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வார்த்தை தானாக வாயில் வந்தது.

"அசையாதீங்க."

அவர் அசையவே இல்லை. கணக்கு முடியட்டும், கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இதையெல்லாம் மைக்கிலா சொல்வார்கள்? கதவைத் திறந்தபோது அவர்களுடைய விமானப்படை டாக்டர் வாசலில் நின்றுகொண்டு, விமானத்துக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார். ஜெயசீலன் என்னைப் பார்த்தார். மற்ற மூன்று பேரும் பார்த்தார்கள். நான் கழற்றி வைத்திருந்த கடிகாரத்தை எடுத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லாமல் போனார். பரவாயில்லை, அடுத்தது வெடித்தால் வருவார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்தது வெடிக்கவில்லை.

நான் அப்பாவுக்கு முன்னால் போய் ரேடியோவைத் திருப்பினேன். ஒரு மாதம் போயிற்று, மழைக்காலம் போயிற்று, தீபாவளி போயிற்று. கடிதம் எழுதலாம் என்றால் அவருடைய தளத்துக்குப் போகும் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று பயம். ஒரு சனிக்கிழமை தாராவி மெயின் ரோடு வரை போனேன். சர்ச்சுக்குப் பின்னால் வீடு என்று சொல்லியிருந்தார். அங்கே எத்தனை சர்ச்! யாரிடம் என்ன சொல்லி விசாரிப்பது? தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற பெண்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன்.

அப்புறம்தான் அந்த நாடு இனி வெட்டவெளியில் குண்டு வெடிக்காது என்பது உறுதியானது. எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். இனி குழந்தைகள் குடிக்கிற பாலில் அந்தத் தூசி இருக்காது. கான்டீனில் யாரோ பேடா வாங்கிக் கொடுத்தார்கள். நானும் ஒன்றை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இருட்டறையில் ஒரு சௌகரியம், சிவப்பு விளக்கு எரிந்தால் ஒருத்தரும் திறக்க மாட்டார்கள். அழுது முடித்துவிட்டு வெளியே வந்தேன். கொஞ்ச நாள் கழித்து லிமயே மேடம், கை கழுவித் துடைத்துக்கொண்டே, "அந்த சார்ஜென்ட்டுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வருஷம் எனக்கும் ஆயிற்று.

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டு பிரியாவை வரச் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். காப்பி கொடுத்துக்கொண்டிருந்தபோது டி.வி.யில் செய்தி ஓடியது. வல்லரசுகள் மறுபடியும் அணுகுண்டுச் சோதனையைத் தொடங்கலாம் என்று பேச்சு அடிபடுகிறதாம். "என்னக்கா இது, இவ்வளவு பட்டும் புத்தி வரலையே" என்றாள் பிரியா. அவளுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். நியாயமான பேச்சு. ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவருக்கு இப்போது எண்பது நெருங்கியிருக்கும். இருக்கிறாரோ இல்லையோ. பேரன் பேத்தி எடுத்திருப்பார். அந்த விமானத்தை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். எல்லாம் எனக்குத் தெரியும். அந்தத் தூசி என்ன செய்யும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் டி.வி.யில் செய்தி வாசிப்பவள் படித்து முடிப்பதற்குள், பாழாய்ப்போன இந்த மனசு பீரோப் பக்கம் திரும்பிவிட்டது. வந்துவிடுவார், வந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும், "ஆமாம், அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்று.